உலக வரலாற்றின் பெரும் படைத்தலைவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக வரலாற்றிலேயே மிகச் சிறந்த படைத்தலைவர் யார்?

இந்தக் கேள்விக்கே வயது 2,200 ஆண்டு. வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலும், அவரைத் தோற்கடித்த ரோமானியர் சிப்பியோவும் பல ஆண்டு கழித்து எபேசஸ் நகரில் சந்தித்தார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். சிப்பியோ இதே கேள்வியைத்தான் கேட்டாராம். ஹன்னிபால் முதலில் அலெக்சாண்டர் பெயரைச் சொன்னார், சிறு படையை வைத்துக்கொண்டு பெரும்படைகளை வென்றதற்காக. அடுத்து கிரேக்க மன்னர் பிர்ரஸ், பாசறை அமைக்கும் கலையைக் கற்றுக்கொடுத்ததற்காக. மூன்றாவது? “நான்தான்” என்றார். சிப்பியோ சிரித்துவிட்டு, “நீங்கள் என்னை வென்றிருந்தால்?” என்று கேட்க, “அப்படியென்றால் அலெக்சாண்டருக்கும் முன்னால் என்னை வைத்திருப்பேன்” என்று பதில் வந்தது.

இந்தச் சந்திப்பு நடந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் இந்தக் கதை எனக்கு முக்கியம். பிடித்த நாட்டின் எல்லை எவ்வளவு என்று ஹன்னிபால் கணக்குப் பார்க்கவில்லை. கையில் இருந்தது எவ்வளவு, வீரர்களை எப்படித் தங்கவைத்தார் என்றுதான் பார்த்தார். நானும் அதே அளவுகோலைத்தான் வைத்துக்கொள்கிறேன். அப்படி அளந்தால் எனக்கு முதலிடத்தில் வருபவர் 16ஆம் நூற்றாண்டுக் கொரியக் கடற்படைத் தலைவர் யி சுன்-சின். காரணத்தைக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

வெற்றிகளின் எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தினால் போதாதா?

போதாது. ஒரு போர் ஒரு நாளில் முடிந்துவிடும். அந்த நாளுக்கு முன்னால் சோறு, தண்ணீர், மருந்து, செருப்பு, வழி என்று மாதக்கணக்கில் ஓடும் வேலையில்தான் தளபதியின் தரம் தெரியும்.

இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம் 14ஆவது படையின் பொறுப்பை ஏற்றபோது, காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒவ்வொரு வீரருக்கும் நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர். பெரும்பகுதி மலேரியா. தடுப்பு மாத்திரை கையில் இருந்தது. ஆனால் தோலை மஞ்சளாக்கும் மாத்திரை அது, வீரர்கள் விழுங்காமல் துப்பிவிடுவார்கள். ஸ்லிம் என்ன செய்தார்? முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பிரிவையே நிறுத்தி ஒவ்வொருவரையும் பரிசோதிக்கவைத்தார். நூற்றுக்கு 95 பேருக்குக் குறைவாக மாத்திரை தெரிந்தால் அந்தப் பிரிவின் தலைமை அதிகாரிக்கு வேலை போனது. மூன்று பேரைத்தான் நீக்கவேண்டி வந்தது, மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். பெரும்பாலும் இந்திய வீரர்களைக் கொண்ட இதே படைதான் 1944இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் ஜப்பானியப் படையைத் திருப்பி அனுப்பியது. தரைவழி அடைபட்ட இம்பாலுக்கு விமானத்தில் அரிசியும் குண்டும் போய்க்கொண்டிருந்தன. எதிரே இருந்த ஜப்பானியப் படையோ சில வாரத்துக்கான உணவை மட்டும் எடுத்துக்கொண்டு மலையேறி வந்து, பசியில் உருக்குலைந்தது.

அலெக்சாண்டர் ஒரு போரிலும் தோற்கவில்லையே. அவரை ஏன் முதலிடத்தில் வைக்கவில்லை?

அவர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. கி.மு. 332இல் டயர் என்ற தீவு நகரத்தைப் பிடிக்கக் கடலுக்குள் மேடு போட்டுப் பாதை அமைத்து, ஏழு மாதம் விடாமல் முற்றுகையிட்டார். கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரையில் போரஸ் மன்னரை எதிர்கொண்டபோது, இரவுதோறும் கரையில் சத்தம் எழுப்பி எதிரியை அலைக்கழித்து, அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போன பிறகு ஒரு மழை இரவில் ஆற்றின் மேல்பகுதியில் கடந்தார். யானைகளுக்கு எதிரே குதிரைகள் மிரளும் என்பதால் போரையே வேறு விதமாக நடத்தினார். அதெல்லாம் அபாரமான வேலை.

ஆனால் அவர் கையில் வந்தது தந்தை பிலிப் இருபது ஆண்டு உழைத்து உருவாக்கிய படை. ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான ஈட்டி, வண்டிகளைக் குறைத்துத் தன் சுமையைத் தானே தூக்கும் வீரர்கள், நல்ல குதிரைப்படை எல்லாமே தயாராக இருந்தன. அப்புறம், கி.மு. 325இல் இந்தியாவிலிருந்து திரும்பும்போது கெத்ரோசியா பாலைவனத்தின் வழியாகப் படையை நடத்திச் சென்றார். எந்த எதிரியும் அவருக்கு ஏற்படுத்தாத இழப்பைத் தாகமும் வெயிலும் ஏற்படுத்தின. வேறு வழி இருந்தும் அந்த வழியைத் தேர்ந்தெடுத்ததை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

பழைய நூல்களில் வரும் ‘பத்து லட்சம் வீரர்கள்’ போன்ற எண்களை நம்பலாமா?

நம்பவேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். கௌகமேலா போரில் பாரசீக மன்னர் டாரியஸ் பத்து லட்சம் காலாட்படையோடு வந்தார் என்று அலெக்சாண்டரின் வரலாற்றை எழுதிய அர்ரியன் சொல்கிறார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ தானியம் என்றால் ஒரு நாளைக்கு 1,000 டன். இன்றைய பத்து டன் லாரியில் நூறு லாரி. தினமும். லாரி இல்லாத காலத்தில் இதை மாடும் ஒட்டகமும் சுமக்கவேண்டும், அவற்றுக்கும் தீனி வேண்டும். வென்றவர் தரப்பில் எழுதுபவர்கள் எதிரியின் எண்ணிக்கையை ஊதிப் பெருக்குவது எல்லா நாட்டிலும் உண்டு.

கன்னே போரை இன்றும் ராணுவக் கல்லூரிகளில் ஏன் பாடமாக வைக்கிறார்கள்?

குறைந்த படை, கூடுதல் படையை நான்கு பக்கமும் சூழ்ந்துகொண்ட போர் அது.

கி.மு. 216, ஆகஸ்ட் மாதம், தென் இத்தாலி. வரலாற்றாசிரியர் பொலிபியஸ் தரும் கணக்குப்படி ரோமானியர்களுக்குச் சுமார் 80,000 காலாட்படை, ஹன்னிபாலுக்குச் சுமார் 40,000. குதிரைப்படையில் மட்டும் ஹன்னிபால் பக்கம் கை ஓங்கியிருந்தது. ரோமானியர்கள் நடுவில் அடர்த்தியாகக் குவிந்து, ஒரே இடியில் எதிரியின் நடுவரிசையைப் பிளந்துவிடலாம் என்று வந்தார்கள். ஹன்னிபால் தன் நடுவரிசையைப் பிறைபோல் முன்னால் வளைத்து நிறுத்தினார். அங்கே இருந்தவர்கள் ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) இனத்தவரும் ஸ்பெயின்காரர்களும். தேர்ந்த ஆப்பிரிக்கக் காலாட்படையை இரண்டு ஓரங்களிலும் சற்றுப் பின்னால் வைத்தார்.

ரோமானியர் மோத, பிறை மெல்லமெல்லப் பின்வாங்கியது. பின்வாங்கியதே தவிர உடையவில்லை. இந்த ‘உடையாமல் பின்வாங்குவது’ இருக்கிறதே, அதுதான் போர்க்களத்தில் எல்லாவற்றையும்விடக் கடினம். நாலடி பின்னால் போன வீரன் ஐந்தாவது அடியில் திரும்பி ஓடத்தான் பார்ப்பான். ஓடாததற்கு ஒரு முக்கியமான காரணம், ஹன்னிபாலும் அவர் தம்பி மாகோவும் அந்த நடுவரிசையிலேயே நின்றதுதான். வென்றுவிட்டோம் என்று ரோமானியர் உள்ளே உள்ளே நுழைய, ஓரத்தில் இருந்த ஆப்பிரிக்கர்கள் உள்பக்கமாகத் திரும்பினார்கள். ரோமக் குதிரைப்படையை விரட்டிவிட்டு வந்த கார்த்தேஜ் குதிரைப்படை பின்னாலிருந்து தாக்கியது. உள்ளே சிக்கியவர்களுக்குக் கையை ஓங்கவே இடமில்லை. இறந்தவர்கள் ஏறக்குறைய 48,000 என்கிறார் லிவி, பொலிபியஸ் இன்னும் அதிகம் சொல்கிறார்.

அப்படி வென்றவர் கடைசியில் ஏன் தோற்றார்?

ரோம் சமாதானம் பேச மறுத்தது. புதுப்புதுப் படைகளைத் திரட்டியது. ஹன்னிபால் இத்தாலியிலேயே சுமார் 15 ஆண்டு இருந்தும் ரோம் நகரைப் பிடிக்கவில்லை. இளைஞர் சிப்பியோ அவரிடமே பாடம் கற்றுக்கொண்டு போரை ஆப்பிரிக்காவுக்கு நகர்த்தினார். கி.மு. 202இல் ஜாமாவில், இந்தத் தடவை நல்ல குதிரைப்படை சிப்பியோவிடம் இருந்தது. பின்னாலிருந்து வந்த அடி இப்போது ஹன்னிபாலுக்கு விழுந்தது.

மங்கோலியர்களில் பெரியவர் செங்கிஸ்கானா, சுபுதையா?

இரண்டு பேருக்கும் வேலையே வேறு. 1206இல் சிதறிக் கிடந்த குலங்களை ஒன்றாக்கி, பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று படையைப் பிரித்து, பிறப்பைப் பார்க்காமல் திறமைக்குப் பதவி கொடுத்தவர் செங்கிஸ்கான். அந்த ஏற்பாட்டில் மேலே வந்தவர் சுபுதை. 1241 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள்: 9ஆம் தேதி போலந்தின் லெக்னிட்சாவில் ஒரு மங்கோலியப் படை வெல்கிறது, 11ஆம் தேதி ஹங்கேரியின் மோகியில் சுபுதை இருந்த படை வெல்கிறது. நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். தந்தி, தொலைபேசி எதுவும் இல்லாத காலம். ஒவ்வொரு வீரனிடமும் மாற்றுக் குதிரைகள் பல இருந்ததும், தூதர்கள் இடைவிடாமல் ஓடியதும்தான் இதைச் சாத்தியமாக்கின. போர்க்கலையை மட்டும் பார்த்தால் சுபுதைக்கு நிகரானவர்கள் மிகக் குறைவு.

நெப்போலியன்?

ஒவ்வொன்றும் தனியாகவே போரிடக்கூடிய பிரிவுகளாகப் படையைப் பிரித்து, தனித்தனி வழியில் நடக்கவிட்டு, போர் நாளன்று ஓரிடத்தில் சேர்ப்பதில் அவருக்கு இணையில்லை. 1805 டிசம்பர் 2 அன்று நடந்த ஆஸ்டர்லிட்ஸ் போர் அதன் உச்சம். 1812இல் ஆறு லட்சம் பேர் அளவுக்குத் திரட்டி ரஷ்யாவுக்குள் போனார். குளிர்தான் அந்தப் படையை அழித்தது என்று பலரும் சொல்வார்கள். கோடையிலேயே டைபஸ் காய்ச்சலும், தீவனமில்லாமல் செத்த குதிரைகளும் படையைப் பாதியாக்கத் தொடங்கிவிட்டன என்பதே உண்மை.

சரி, யி சுன்-சின் ஏன் உங்களுக்கு முதலிடம்?

1592இல் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி ஒன்றரை லட்சம் பேர் கொண்ட படையைக் கொரியாவுக்கு அனுப்பினார். மூன்றே வாரத்தில் தலைநகர் சியோல் விழுந்தது. மன்னர் சோன்ஜோ வடக்கே ஓடினார். நாடே போய்விட்டது என்ற நிலையில், தென்கரையில் ஒரு மாகாணத்தின் பாதிக் கடற்படைக்கு மட்டும் பொறுப்பாளரான யி, ஜப்பானியக் கப்பல்களை அடுக்கடுக்காக வென்றார். ஜப்பானியர் எதிரிக் கப்பலில் தாவி ஏறிக் கைகலப்பதில் வல்லவர்கள். யி அவர்களைக் கிட்டவே வரவிடாமல் பீரங்கியால் அடித்தார். ஹன்சான் தீவுக்கு அருகே கொக்கு இறக்கை விரித்ததுபோல் கப்பல்களை வளைத்து நிறுத்தி, எதிரே வந்த 73 கப்பல்களில் 47ஐ அழித்து 12ஐக் கைப்பற்றினார். கடல்வழி அடைபட்டதால் வடக்கே போன ஜப்பானியப் படைக்கு உணவும் ஆளும் போய்ச் சேர்வது தடுமாறியது.

இதற்குக் கிடைத்த பரிசு சிறை. எதிரியின் ஒற்றன் கொடுத்த தகவலை நம்பி மன்னர் ஒரு தாக்குதலுக்கு உத்தரவிட்டார். அதில் பொறி இருப்பதாகச் சந்தேகித்த யி போகவில்லை. 1597இல் பதவி பறித்து, சித்திரவதை செய்து, சாதாரண வீரனாக அனுப்பினார்கள். அவரைப் பார்க்கக் கிளம்பிய வயதான தாய் வழியிலேயே இறந்துபோனார். கூட இருந்து துக்கம் காக்கக்கூட அவருக்கு அனுமதி இல்லை.

அவர் இடத்துக்கு வந்தவர் ஒரே போரில் ஏறக்குறைய முழுக் கடற்படையையும் இழந்து, தானும் இறந்தார். மன்னர் யியையே திரும்ப அழைக்கவேண்டியதாயிற்று. கடற்படையைக் கலைத்துவிட்டுத் தரைப்படையில் சேருங்கள் என்றது அரசவை. “என்னிடம் இன்னும் பன்னிரண்டு கப்பல்கள் இருக்கின்றன” என்று யி எழுதிய பதிலைக் கொரியாவில் தெரியாதவர் இருக்கமாட்டார்கள்.

பன்னிரண்டு பதின்மூன்றானது. 1597 அக்டோபரில் மியோங்னியாங் என்ற குறுகிய நீரிணையில் அவர் காத்திருந்தார். நீரோட்டம் இரைச்சலோடு பாய்ந்து, சில மணி நேரத்தில் திசை திரும்பும் இடம். யியின் நாட்குறிப்புப்படி எதிரே வந்தவை 133 போர்க்கப்பல்கள். இந்த நாட்குறிப்பில் என்னை உலுக்கும் பகுதி இதுதான்: தலைமைக் கப்பல் மட்டும் தனியாக முன்னால் நிற்கிறது. மற்றக் கப்பல்கள் பயந்து பின்தங்கிவிட்டன. யி கொடியை ஏற்றி அழைக்கிறார். ஆன் வி என்ற தலைவரின் கப்பல் முதலில் வருகிறது. அவரைப் பார்த்து, “ஆன் வி, ராணுவச் சட்டத்தால் சாக ஆசையா? ஓடிப்போய் எங்கே பிழைப்பாய்?” என்று கத்துகிறார். ஆன் வி எதிரிகளுக்கு நடுவே பாய்கிறார். பிற்பகலில் நீரோட்டம் திரும்ப, நெருக்கியடித்து நின்ற ஜப்பானியக் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதின. 31 கப்பல்கள் அழிந்தன. யி ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை.

இன்னொன்று. மேலிடத்திலிருந்து உணவு வராது என்று தெரிந்து தீவுகளில் வீரர்களையும் அகதிகளையும் வைத்துப் பயிர் செய்தார், உப்புக் காய்ச்சினார், மீன் பிடித்தார். அகதிப் படகுகளுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்து, கட்டணமாகத் தானியம் வாங்கிப் படைக்குச் சோறு போட்டார். நாட்குறிப்பில் போர் வரும் பக்கங்களைவிட, அம்மாவின் உடல்நிலை, வயிற்றுவலி, இரவில் வேர்த்துக் கொட்டியது, வீரர்களின் வில் பயிற்சி என்று போகும் பக்கங்களே அதிகம். வேறொருவர் நாட்டில் ஒரு சாண் நிலத்தையும் அவர் பிடிக்கவில்லை. தான் நடத்திய கடற்போர்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. 1598 டிசம்பரில் நோரியாங் போரில் குண்டடிபட்டபோது, “போர் உச்சத்தில் இருக்கிறது, என் சாவை யாருக்கும் சொல்லாதே” என்றார். அவர் அண்ணன் மகன் முரசை வாங்கித் தொடர்ந்து அடித்தார். போர் வெற்றியில் முடிந்தது.

ராணுவக் கல்லூரியில் படிக்காதவர்களும் பெரும் தளபதி ஆனதுண்டா?

வியட்நாமின் வோ நுயென் ஜியாப் வரலாற்று ஆசிரியராக இருந்தவர். 1954இல் தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படையைச் சூழ்ந்தார். வேகமாக அடித்து முடிப்பது என்று ஜனவரியில் போட்ட திட்டத்தைக் கடைசி நேரத்தில் ரத்து செய்து, ஆட்கள் கயிறு கட்டி மலைமேல் இழுத்த பீரங்கிகளைத் திரும்பக் கீழே இறக்கச் சொன்னார். தன் வாழ்நாளின் மிகக் கடினமான முடிவு அதுதான் என்று பிறகு சொன்னார். அப்புறம் ஆறு வாரம் பதுங்குகுழி வெட்டி, மார்ச் 13 அன்று தொடங்கி, மே 7 அன்று வென்றார்.

அரிசியைக் கொண்டுவந்தது சைக்கிள். ஏறி மிதிக்கும் சைக்கிள் இல்லை, தள்ளும் சைக்கிள். கைப்பிடியோடு ஒரு மூங்கிலை நீட்டிக் கட்டி அதைப் பிடித்துத் திருப்புவார்கள். இருக்கைப் பக்கம் இன்னொரு கம்பு, அதைப் பிடித்துச் சாயாமல் தள்ளுவார்கள். ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் போகும். ஆனால் ஜியாப் வீரர்களின் உயிரைத் தாராளமாகச் செலவழித்தவர் என்ற விமர்சனமும் உண்டு, அது சரியான விமர்சனம்தான்.

தமிழகத்திலிருந்து யாரைச் சொல்லலாம்?

ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பு உலக அளவில் பேசவேண்டியது. ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று மெய்க்கீர்த்தி சொல்லும் அந்தப் பயணம் வங்காள விரிகுடாவைக் கடந்து, ஸ்ரீவிஜயம், கடாரம் உட்படப் பல துறைமுகங்களைத் தாக்கியது. தமிழகக் கரையிலிருந்து கடாரம் 2,000 கிலோமீட்டருக்கு மேல். குடிநீரும் பருவக்காற்றுக் கணக்கும் தெரிந்தவர்கள் இல்லாமல் நடக்கக்கூடிய காரியமில்லை. மெய்க்கீர்த்தியில் பெருமை முழுக்க அரசனுக்கு. கப்பல்களை நடத்தியவரின் பெயர் அதில் இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

நரசிம்மவர்ம பல்லவனின் படை 642 வாக்கில் வாதாபியை வென்றபோது அதில் முன்னின்ற பரஞ்சோதி, வாளை வைத்துவிட்டுச் சிறுத்தொண்டராகத் திருச்செங்காட்டங்குடியில் வாழ்ந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. முதலாம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமானைப் பரணி பாடியே வைத்திருக்கிறார்கள்.

பெண் தளபதிகள்?

நம் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின், வேலு நாச்சியார் எட்டு ஆண்டு விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, மருது சகோதரர்களோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். தோற்று, நாட்டை இழந்து, எட்டு ஆண்டு பொறுத்திருந்து மீட்டது சாதாரண காரியமா? பிரான்சில் 17 வயது ஜோன் ஆஃப் ஆர்க், 1429இல் ஆர்லியன்ஸ் முற்றுகையை உடைத்த படைக்குக் கொடி பிடித்தார்.

கொடூரமானவர்களையும் ‘பெரும் தளபதி’ என்று சொல்வது சரியா?

திறமையைத் திறமை என்று சொல்லலாம், போற்றத் தேவையில்லை. தைமூர் 1398இல் டெல்லியில் செய்ததைத் தெரிந்துகொண்டு அவர் போர்த்தந்திரத்தை மட்டும் ரசிக்க என்னால் முடியாது.

இங்கே அசோகரைப் பார்க்கவேண்டும். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், இன்னும் பலமடங்கு பேர் மாண்டார்கள் என்று தன் 13ஆவது பாறைக் கல்வெட்டில் அவரே பொறித்துவைத்து வருந்துகிறார். சோழரையும் பாண்டியரையும் குறிப்பிடும் அதே கல்வெட்டுதான். ஆனால் ஒடிசாவின் தௌலியில், அதாவது கலிங்க மண்ணிலேயே உள்ள பாறையில், அந்த 13ஆவது பகுதியை விட்டுவிட்டு வேறு இரண்டு ஆணைகளைப் பொறித்தார்கள். அந்த மக்கள் கண்முன்னே அந்த எண்ணிக்கையை எழுதிவைக்க மனம் வரவில்லையோ என்று நான் நினைத்துக்கொள்வேன்.

போர்த்தந்திரங்களைப் புரிந்துகொள்ள எங்கே தொடங்குவது?

ஒரே ஒரு போரை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னே நல்ல தொடக்கம். வீட்டுத் தரையில் புளியங்கொட்டையை ரோமானியர்களாகவும் சோழியை ஹன்னிபால் படையாகவும் பரப்புங்கள். புளியங்கொட்டை எண்பது, சோழி நாற்பது. சோழியில் நடுவரிசையைப் பிறையாக முன்னால் வளையுங்கள், இரண்டு ஓரத்திலும் எட்டு எட்டு சோழியைப் பின்னால் வையுங்கள். இப்போது புளியங்கொட்டைகளை மொத்தமாக உள்ளங்கையால் முன்னே தள்ளிக்கொண்டே, பிறையை ஒரு விரலால் மெல்லப் பின்னால் இழுத்துவாருங்கள். ஓரத்துச் சோழிகளை எப்போது உள்பக்கம் திருப்பவேண்டும் என்று உங்கள் கைக்கே தெரியும்.